திமிங்கிலத்துக்காகப் பேச எந்தக் கதவைத் தட்டுவது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் அருகே, கரை திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகு எதன் மீதோ மோதியது. படகுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மறுநாள் ஒரு திமிங்கிலக் குட்டி செத்துக் கரையொதுங்கியது. முதுகில் உந்துவிசிறி வெட்டிய காயங்கள், மண்டையோட்டில் முறிவு. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் என்ற இனம் அது. உலகம் முழுக்கத் தேடினாலும் நானூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கடலோரத்தில் 2008 முதலே ஒரு வேக விதி உண்டு. 65 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள், திமிங்கிலங்கள் வந்துபோகும் மாதங்களில், குறித்த பகுதிகளில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டக் கூடாது. மோதிய படகின் நீளம் 54 அடி. விதிக்குள் அது வரவே இல்லை.

அந்த 11 அடிதான் இந்தக் கட்டுரை. கடல் பாலூட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் மனதில் ஈட்டியோடு நிற்கும் வேட்டைக் கப்பலும், அதன் குறுக்கே பாயும் ரப்பர் படகும்தான் இருக்கும். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் இன்றைக்கு ஒரு திமிங்கிலத்தின் உயிர் பெரும்பாலும் தொங்கிக்கொண்டிருப்பது யாரும் படிக்காத ஓர் அரசாணையின் ஏதோ ஒரு பிரிவில் உள்ள ஓர் எண்ணில். அந்த எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. இதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை, கடலியல் பட்டமும் வேண்டியதில்லை. பொறுமை நிறைய வேண்டும்.

முதலில், எது கொல்கிறது என்று பாருங்கள்

"கடல் பாலூட்டிகளைக் காப்போம்" என்பது வாசகம். அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் போக முடியாது. ஓர் இனம், ஓர் இடம், ஒரு காரணம் என்று மூன்றையும் குறுக்கிக்கொண்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன. அதனால் வேட்டைதான் எதிரி என்று தோன்றுவது இயல்பு. இன்று கணக்கு வேறு. வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் (டால்பின்கள்) ஆண்டுக்கு மூன்று லட்சம் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இவை மீன்கள் அல்லவே, மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். மீனின் செவுளில் மாட்டிக்கொள்ளும்படி விரிக்கும் செவுள்வலையில் சிக்கிய ஓங்கிலுக்குச் சில நிமிடங்கள்தான் கெடு.

அடுத்தது கப்பல் மோதல். அதற்கடுத்து நண்டு, சிங்கி இறால் பொறிகளின் கயிறு. ரைட் திமிங்கிலங்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டவை ஒருமுறையாவது கயிற்றில் சிக்கிய தழும்போடு திரிகின்றன. பிறகு இரைச்சல். இதைக் கண்ணால் பார்க்க முடியாததால் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்த நாட்களில் கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கடலடி இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அந்த நாட்களில் சேகரித்த ரைட் திமிங்கிலச் சாணத்தில் மன அழுத்த இயக்குநீரின் (ஹார்மோன்) அளவும் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். கடல் கொஞ்சம் அமைதியானால் அவற்றின் உடம்பே அதைக் காட்டிவிடுகிறது.

காரணம் மாறினால் தீர்வும் மாறும், கேட்க வேண்டிய ஆளும் மாறுவார். வலைக்கு மீன்வளத் துறை, வேகத்துக்குக் கப்பல் துறை, கடற்படை நீருக்கடியில் ஒலி அனுப்பித் தேடும் சோனாருக்குப் பாதுகாப்பு அமைச்சகம். நோயைச் சரியாகப் பார்க்காமல் மருந்து எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் காரணம் தெரியாமல் எழுதும் மனுவும்.

எந்தக் கதவு?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது, என்னையும் சேர்த்து. நான் முதன்முதலில் எழுதிய மனு மூன்று பக்கம். மிகுந்த உணர்ச்சியோடு எழுதி, அகர வரிசையில் கிடைத்த எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது: "தாங்கள் கோரியது இவ்வலுவலக அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று." ஒரே வரி. அந்த வரி கற்றுக்கொடுத்தது நிறைய.

அதிகாரம் எப்படிப் பிரிந்து கிடக்கும் என்பதற்கு அமெரிக்கா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் திமிங்கிலம், ஓங்கில், கடல்நாய் ஆகியவை வணிகத் துறைக்குக் கீழே வரும் மீன்வளப் பிரிவின் பொறுப்பு. கடற்பசு இனத்தைச் சேர்ந்த மனாட்டி, கடல் நீர்நாய், வால்ரஸ், பனிக்கரடி ஆகியவை உள்துறைக்குக் கீழே வரும் வனவிலங்குப் பிரிவின் பொறுப்பு. ஒரே கடலில் நீந்தும் இரண்டு விலங்குகளுக்கு இரண்டு அமைச்சகம்! மனாட்டிக்காக மீன்வளப் பிரிவுக்கு எழுதினால் எனக்கு வந்த பதில்தான் உங்களுக்கும் வரும்.

நாட்டு எல்லையைத் தாண்டினால் கதவுகள் மாறுகின்றன. வேறு நாட்டுக் கொடியோடு போகும் கப்பல்களின் வழித்தடத்தை ஒரு நாடு தன்னிச்சையாக மாற்ற முடியாது. லண்டனில் இருக்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே தனி மனிதர் போய் நிற்க முடியாது, உங்கள் அரசுதான் முன்மொழிய வேண்டும். அப்படியானால் நீங்கள் பேச வேண்டியது லண்டனோடு அல்ல, உங்கள் நாட்டின் கப்பல் துறையோடு. வேட்டை பற்றிய முடிவு, 1946 உடன்படிக்கையின் கீழ் அமைந்த பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையத்தில். விலங்கையோ அதன் உறுப்பையோ விற்பது வாங்குவது என்றால் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய 1973 உடன்படிக்கை.

சில சமயம் கதவு அரசினுடையதாகவே இருக்காது. இலங்கையின் தென்முனையை ஒட்டி, நீலத் திமிங்கிலங்கள் இரைதேடும் நீர்ப்பரப்பின் நடுவாகவே உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் தடங்களில் ஒன்று போகிறது. தடத்தைத் தெற்கே நகர்த்துங்கள் என்று ஆய்வாளர்களும் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தார்கள். அரசு மட்டத்தில் காரியம் நகரவில்லை. 2022இல் உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. தன் கப்பல்களைத் தானாகவே சுமார் 15 கடல் மைல் தெற்கே திருப்பிக்கொண்டது. ஓர் அரசாங்கக் கோப்பும் நகராமலே ஆபத்தின் ஒரு பகுதி விலகியது. மற்ற நிறுவனங்களும் அப்படியே செய்தால்தான் முழுப் பயன். ஆனாலும் பூட்டிய கதவின் முன்னால் பத்து ஆண்டு நிற்பதைவிடப் பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்ப்பது மேல்.

இருக்கும் சட்டத்தைப் படியுங்கள்

"புதிய சட்டம் வேண்டும்" என்று கேட்பதற்கு முன்னால், பழைய சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் நீங்கள் கேட்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், யாரும் செயல்படுத்தியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் அதே 1972 சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: தன் மீனவர்கள் எந்த அளவுக்குக் கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்கிறார்களோ, அதற்கு ஈடான ஏற்பாடு இல்லாத நாடுகளிலிருந்து மீன் இறக்குமதி கூடாது. எழுதி வைத்தார்கள், அப்படியே கிடந்தது. அமைப்புகள் வழக்குப் போட்ட பிறகுதான் அதற்கான நடைமுறை விதி 2016இல் வந்தது. பிறகும் கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, இறக்குமதித் தடைக்கான நாள் 2026 ஜனவரி 1 என்று ஆனது. ஒரு வாக்கியம் காகிதத்திலிருந்து துறைமுகத்துக்கு வர அரை நூற்றாண்டு.

சட்டத்தையோ விதியையோ படிக்கும்போது நான் பென்சிலோடு தேடுவது சில இடங்களைத்தான். "வரையறைகள்" என்ற பகுதியை எல்லோரும் தாண்டிப் போவார்கள், அங்கேதான் உயிர் இருக்கிறது. "துன்புறுத்தல்" என்றால் என்ன, "கப்பல்" என்றால் எத்தனை அடிக்கு மேல், "கரையோரம்" என்றால் எத்தனை மைல் வரை. அடுத்து விதிவிலக்குகள்: யாருக்கெல்லாம் பொருந்தாது. பிறகு, மீறினால் என்ன, யார் கண்காணிப்பது. கடைசியாக, காலாவதி தேதி. மேலே சொன்ன 2008 வேக விதி முதலில் ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றுதான் வந்தது. 2013 டிசம்பரில் அது நிரந்தரமாகவில்லையென்றால் சத்தமில்லாமல் செத்துப் போயிருக்கும். காலாவதியாகப் போகும் நல்ல விதியைத் தாங்கிப் பிடிப்பதும் பெரிய வேலைதான். செய்தித்தாளில் வராது, அவ்வளவுதான்.

எண்களைச் சேர்ப்பது, மிகைப்படுத்தாமல்

ஒரு நல்ல எண், பத்துப் பக்க உருக்கத்துக்குச் சமம். கப்பல் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நாட் வேகத்தில் ஒரு கப்பல் பெரிய திமிங்கிலத்தின் மீது மோதினால் அது சாகும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பதை ஒட்டியது. 9 நாட்டுக்குக் கீழே இறங்கினால் அது இருபதை ஒட்டி வந்துவிடுகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு இது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர். 10 நாட் என்ற வரம்பு வானத்திலிருந்து குதித்ததல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

எண்கள் எங்கே கிடைக்கும்? கரையொதுங்கிய உடல்களைப் பதிவு செய்யும் குழுக்கள், மீன்வளத் துறையின் ஆண்டறிக்கைகள், கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவிகளின் பதிவுகள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள். உங்கள் நாட்டில் தகவல் அறியும் சட்டம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். "இந்த விதியின் கீழ் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை அபராதம் விதிக்கப்பட்டது?" என்ற ஒரே கேள்வி போதும். பூஜ்யம் என்று பதில் வந்தால், உங்கள் மனுவின் முதல் வரி அதுதான்.

ஆனால் எண்ணை ஊதிப் பெருக்காதீர்கள். ஒருமுறை பிடிபட்டால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் செல்லாது. கடலோடு வாழ்கிறவர்களின் கணக்கைக் கேட்காமல் இருப்பதும் ஆபத்துதான். 1977இல் அலாஸ்காவின் இனுபியட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிவந்த வில்தலைத் திமிங்கிலங்கள் மிகக் குறைந்துவிட்டன என்று சொல்லி, வேட்டை ஆணையம் அந்த வேட்டையை நிறுத்தியது. எஞ்சியவை ஆயிரத்துச் சொச்சம்தான் என்பது அன்றைய அறிவியலின் மதிப்பீடு. மக்களோ, "நீங்கள் பனியின் விளிம்பில் நின்று எண்ணுகிறீர்கள், அவை பனிக்கு அடியிலும் போகின்றன" என்று வாதிட்டார்கள். தாங்களே ஒரு திமிங்கில ஆணையம் அமைத்துக்கொண்டு, கணக்கெடுப்பை மாற்றச் சொன்னார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி எண்ணியபோது அவர்கள் சொன்னதுதான் சரியென்று ஆனது. பிற்காலக் கணக்கெடுப்புகளில் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. திமிங்கிலத்தைக் காக்க வந்தவர்கள் தவறாகவும், வேட்டையாடியவர்கள் சரியாகவும் இருந்த கதை இது. எனக்கு அது கசப்பான மருந்தாகத்தான் இருந்தது. அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கேட்பதை ஒரே பக்கத்தில் கேளுங்கள்

அதிகாரியின் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை காகிதம் வரும் என்று எண்ணிப் பாருங்கள். முதல் பத்தியில் உங்கள் கோரிக்கை இல்லையென்றால் இரண்டாம் பத்தியை யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரு கற்பனை வரைவு விதிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வரைவு விதியின் 4ஆம் பிரிவு 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. இப்பகுதியில் பதிவான மோதல்களில் சிறிய கலங்களும் இருப்பது இணைப்பு 1இல் உள்ளது. எனவே வரம்பை 12 மீட்டராகக் குறைக்கக் கோருகிறேன். புயல், மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு மாலுமி விலக்குப் பெறும் வகையில் 7ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கலாம். அதற்கான வாசகம் இணைப்பு 2இல்."

அவ்வளவுதான். பிரிவு எண், தற்போதைய நிலை, அதில் உள்ள ஓட்டை, மாற்று வாசகம். எதிர்த்தரப்பு எழுப்பப்போகும் கேள்விக்கும் அதிலேயே ஒரு பதில். திருத்த வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது முக்கியம். கோப்பு எழுதுகிறவர் அதை எடுத்து ஒட்டிக்கொள்ள முடிந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. "கடலின் மௌனக் கண்ணீர்" போன்ற வரிகளை மேடைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்

விதி ஒன்றை அரசு இயற்றும்போது பல நாடுகளில் வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்கு 30, 60 நாள் என்று கெடு வைப்பார்கள். அந்தச் சன்னல் திறந்திருக்கும்போது எழுதினால் உங்கள் கடிதம் பதிவேட்டில் ஏறும். மூடிய பிறகு எழுதினால் அது வெறும் தபால். அரசிதழ் அறிவிப்புகளுக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்துக்கொள்வது, இந்த வேலையில் நீங்கள் செய்யக்கூடிய மிகச் சலிப்பான, மிகப் பயனுள்ள காரியம்.

ஒரே மாதிரிக் கடிதத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் பலன் உண்டா என்று கேட்பார்கள். இரண்டு விதமான பதில் உண்டு. விதி இயற்றும் அதிகாரிக்கு அந்த ஆயிரமும் ஒரு கருத்துதான். புதிய தகவலோடு வரும் ஒற்றைக் கடிதத்துக்கு அதைவிட எடை அதிகம். அமெரிக்காவில் முக்கியமான கருத்துகளுக்கு நிர்வாகம் பதில் சொல்லியே தீர வேண்டும், சொல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அது பலவீனமாக நிற்கும். ஆனால் முடிவு அரசியல்வாதியின் கையிலோ பெருநிறுவனத்தின் கையிலோ இருந்தால் எண்ணிக்கை பேசும். மெக்சிகோவின் சான் இக்னாசியோ காயலில், சாம்பல் திமிங்கிலங்கள் குட்டிபோடும் இடத்தையொட்டி, அரசும் மிட்சுபிஷி நிறுவனமும் சேர்ந்து மாபெரும் உப்பு ஆலை ஒன்றைத் திட்டமிட்டன. உலகெங்கிலுமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. 2000 மார்ச்சில் அதிபர் எர்னெஸ்டோ செடியோ திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

எண்ணிக்கை இருந்தும் தோற்பதும் உண்டு. 54 அடிப் படகின் கதைக்குத் திரும்புவோம். 35 அடி முதலான கலங்களையும் வேக வரம்புக்குள் கொண்டுவர 2022 ஆகஸ்டில் வரைவு வந்தது. 90,000 அளவில் கருத்துகள் வந்தன. ஆதரவும் இருந்தது, படகுத் தொழிலிலிருந்து கடும் எதிர்ப்பும் இருந்தது. இழுத்துக்கொண்டே போய், 2025 ஜனவரியில் அரசு வரைவைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆட்சி மாறும் காலத்துக்கு முன்னால் முடியாத விதி பெரும்பாலும் முடியாமலே போகும். நாட்காட்டியில் கருத்துக்கேட்புத் தேதியோடு தேர்தல் தேதியையும் குறித்து வையுங்கள்.

மீனவர்களோடும் மாலுமிகளோடும் உட்காருங்கள்

இதைத் தனிப் படியாக எண்ணாதீர்கள். முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது.

வகீட்டா என்ற சிறிய கடற்பன்றி மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவின் வடகோடியில் மட்டும் வாழ்கிறது. 1997இல் 567 அளவில் இருந்தது. அதை யாரும் வேட்டையாடவில்லை. டொடோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் கொள்ளை விலை. அந்த மீனுக்கும் இறாலுக்கும் விரித்த செவுள்வலைகளில் சிக்கியே அழிந்துகொண்டிருக்கிறது. 2015இல் செவுள்வலைக்கு இரண்டாண்டுத் தடை, 2017இல் நிரந்தரத் தடை. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் இழப்பீடு பெரும்பாலும் உரிமம் வைத்திருந்தவர்களிடம் போயிற்று, கூலிக்குக் கடலுக்குப் போனவர்கள் வீட்டில் உலை வைக்க வழியில்லை. மாற்று வலை கைக்கு வரவில்லை. இரவில் படகுகள் போய்க்கொண்டேதான் இருந்தன. 2024 கணக்கெடுப்பில் கண்ணில் பட்ட வகீட்டாக்கள் பத்துக்கும் குறைவு. தடை கேட்கும் மனுவில் "தடையால் வருமானம் இழப்பவர்களுக்கு யார், எப்போது, எவ்வளவு தருவார்கள்" என்ற பத்தி இல்லையென்றால் அந்த மனு அரைகுறை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

எதிர்ப்பக்கமும் ஒரு கதை இருக்கிறது. ஃபண்டி வளைகுடாவில் கப்பல் தடம் ரைட் திமிங்கிலங்கள் கூடும் இடத்தின் மேலேயே போனது. ஆய்வாளர்கள் தங்கள் பார்வைப் பதிவுகளை வரைபடத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, அந்தத் தடத்தில் எண்ணெய்க் கப்பல் விடும் இர்விங் நிறுவனத்தோடு பேசினார்கள். நிறுவனம் எதிர்க்காமல் துணைக்கு வந்தது. கனடா அரசு முன்மொழிந்தது, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஏற்றது, 2003 ஜூலையில் தடம் கிழக்கே நகர்ந்தது. அழியும் நிலையிலுள்ள ஒரு திமிங்கிலத்துக்காகக் கப்பல் தடம் நகர்ந்தது உலகில் அதுவே முதல் முறை. நியூசிலாந்தின் ஹவுராக்கி வளைகுடாவில் அரசாணைகூட இல்லாமல், துறைமுகமும் கப்பல் முகவர்களும் மாவோரி மக்களும் ஆய்வாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, 2013இல் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஒப்பினார்கள்.

மாலுமியிடம் போய் "மெதுவாகப் போங்கள்" என்று சொல்வதற்கு முன், மெதுவாகப் போனால் அவருக்கு எத்தனை மணி நேரம் தாமதம், துறைமுகத்தில் இடம் தவறினால் என்ன செலவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிபொருள் மிச்சமாவதையும் அவரே சொல்லக்கூடும்.

சட்டமன்றம், நாடாளுமன்றம்

உறுப்பினரைச் சந்திக்க நேரம் கேட்டால் உதவியாளரைத்தான் சந்திப்பீர்கள். ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுப்பினருக்குக் குறிப்பு எழுதுவது அவர்தான். உங்கள் தொகுதிக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் முடியுங்கள், ஒற்றைப் பக்கத்தைக் கையில் கொடுங்கள், கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "விசாரித்து நாளை மறுநாளைக்குள் எழுதுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி எழுதுங்கள். இரண்டாம் முறை அவரே உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

எவ்வளவு நாளாகும்? கனடாவில் திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் காட்சிக்காகத் தொட்டியில் அடைத்து வைப்பதை முடிவுக்குக் கொண்டுவரும் மசோதாவை 2015இல் செனட்டர் வில்ஃப்ரெட் மோர் கொண்டுவந்தார். அது நிறைவேறும் முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மர்ரே சின்க்ளேர் என்ற செனட்டர் எடுத்து நடத்தினார். 2019 ஜூனில்தான் நிறைவேறியது. ஒரே ஓர் உறுப்பினரை நம்பி இருக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்லாக் கட்சியிலும் ஒருவராவது விஷயம் தெரிந்தவராக இருக்கட்டும்.

நீங்கள் அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு இயங்குவதாக இருந்தால், தொண்டு நிறுவனங்கள் அரசியல் பரப்புரை செய்ய உங்கள் நாட்டில் என்ன வரம்பு என்பதை முதலிலேயே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

நீதிமன்றம்

கடைசி ஆயுதமாக வையுங்கள். 2000 மார்ச்சில் பஹாமாஸில் கடற்படைப் பயிற்சியின்போது 17 திமிங்கிலங்களும் ஓங்கில்களும் கரையேறின. காரணம் சோனார்தான் என்று கடற்படையே பிறகு ஒப்புக்கொண்டது. இருந்தும் சோனாருக்கு எதிரான வழக்கு 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதே சிக்கலுக்கு ஸ்பெயின் வேறு வழியில் போனது. 2002இல் கேனரித் தீவுகளில் கூர்வாய்த் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையொதுங்கியபின், உடற்கூறு ஆய்வு முடிவுகளை முன்வைத்து 2004இல் தீவுகளைச் சுற்றி அரசே சோனாருக்குத் தடை விதித்தது. அதன்பின் அங்கே அப்படிக் கூட்டமாக ஒதுங்குவது நின்றது. வழக்கில் வென்றாலும் வெற்றி நிலைக்கும் என்று சொல்ல முடியாது. தென்துருவக் கடலில் ஜப்பான் நடத்திய "ஆய்வு" வேட்டை அனுமதி செல்லாது என்று 2014 மார்ச்சில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019இல் ஜப்பான் ஆணையத்தை விட்டே விலகி, தன் கடற்பரப்பில் வணிக வேட்டையைத் தொடங்கிவிட்டது. தென்துருவக் கடல் தப்பியது என்பது மெய்தான், வேட்டை நிற்கவில்லை.

ஆணை வந்த பிறகு

விதி வெளியான அன்று படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துத் தகவல் கேளுங்கள்: கண்காணிப்புப் படகு எத்தனை, நிதி ஒதுக்கினார்களா, அபராதம் எத்தனை. உள்நாட்டில் பதில் இல்லையென்றால் வெளியே இன்னொரு கதவு இருக்கக்கூடும். வகீட்டா விஷயத்தில் மெக்சிகோ சரியான செயல்திட்டம் தரவில்லை என்று 2023 மார்ச்சில் அருகிவரும் உயிரின வணிக உடன்படிக்கையின் செயலகம், பட்டியலிலுள்ள உயிரினங்களில் மெக்சிகோவோடு வணிகத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது. அடுத்த மாதமே புதிய திட்டம் வந்தது, தடை விலகியது. பல ஆண்டு வேண்டுகோளுக்கு அசையாதது, அதே பட்டியலில் வரும் முதலையின் தோல் ஏற்றுமதி நின்றுவிடும் என்றதும் அசைந்தது.

எங்கே தொடங்குவது என்று இன்னும் புரியாதவர்களுக்கு ஒரு சின்ன வேலை. வேட்டை ஆணையம் 1982இல் வணிக வேட்டைக்குத் தடை கொண்டுவந்தபோது 25 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 5 ஒதுங்கி நின்றன. முக்கால் பங்கு வேண்டும் என்பது விதி, அன்று கிடைத்தது. தென் அட்லாண்டிக்கில் திமிங்கிலச் சரணாலயம் வேண்டும் என்ற தீர்மானம் இருபது ஆண்டுக்கும் மேலாக அதே முக்கால் பங்கு கிடைக்காமல் தோற்றுக்கொண்டே வருகிறது. 2024இல் பெரு நாட்டின் லிமாவில் 40 ஆதரவு, 14 எதிர்ப்பு. எதிர்த்த நாடுகளில் ஒன்று மட்டும் பக்கம் மாறியிருந்தால் நிறைவேறியிருக்கும். ஆணையம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணையர் உண்டு, அவர் யார் என்பது பொதுத் தகவல். உங்கள் நாடு உறுப்பினரா, சென்றமுறை எந்தப் பக்கம் வாக்களித்தது, வாக்களிக்கவே வரவில்லையா என்று பாருங்கள். பிறகு அந்த ஆணையருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், கோரிக்கை முதல் பத்தியில்.